ஹெரிஃபோர்ட்ஷயர் கிராமத்தில் வீடு வாங்கலாமா?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு மருத்துவமனையில் வேலை. லெம்ஸ்டருக்கு மேற்கே ஒரு கிராமத்தில், முக்கால் ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய மரச்சட்ட வீடு 3.5 லட்சம் பவுண்டுக்கு விலைக்கு வந்திருக்கிறது. சென்னையில் கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட் உண்டு. வாங்கலாமா, என்னென்ன பார்க்க வேண்டும்?

வாங்கலாம். ஆனால் கையில் இன்னும் 40,000 பவுண்டு தனியாக இருக்க வேண்டும். அதில் 25,000 ஸ்டாம்ப் டூட்டிக்குப் போகும். கணக்கைக் கீழே தருகிறேன். மீதி வீட்டைச் சோதிப்பதற்கும், சோதனையில் வெளிவருவதைச் சரிசெய்வதற்கும். நகரத்தில் சாக்கடை, தண்ணீர், எரிவாயு, தெரு ஆகிய நான்கையும் வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். இந்த மாதிரி கிராமங்களில் பல வீடுகளுக்கு நான்குமே வீட்டுக்காரர் பொறுப்பு. ஏஜென்ட் அனுப்பும் அழகான படங்களில் இந்த நான்கும் இருக்காது.

முதலில் இங்கிலாந்து நடைமுறை. நீங்கள் சொன்ன விலையை விற்பவர் ஏற்றுக்கொண்டாலும் அதற்குச் சட்டப்படி மதிப்பில்லை. ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாள்வரை, அதாவது ‘எக்ஸ்சேஞ்ச்’ வரை, அவர் வேறொருவருக்கு அதிக விலைக்குக் கொடுத்துவிடலாம். நீங்களும் ஒரு பைசா அபராதமின்றி விலகலாம். எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாக 10 சதவீதம் முன்பணம் கட்டுவீர்கள். அதன்பின் விலகினால் அது போய்விடும். ஆகவே எல்லாச் சோதனையும் அந்த நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதற்கு 3 முதல் 5 மாதம் பிடிக்கும். நம் ஊர் வில்லங்கச் சான்று போல எல்லாம் ஒரே தாளில் வராது. உள்ளாட்சித் தேடல், தண்ணீர்-வடிகால் தேடல், சுற்றுச்சூழல் தேடல் என்று சொலிசிட்டர், அதாவது பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞர், தனித்தனியாக வாங்குவார். கிராமத்துச் சொத்துகளில் பழகிய சொலிசிட்டராகப் பிடியுங்கள். இணையத்தில் மலிவாக வேலை செய்யும் பெரிய நிறுவனங்கள் செப்டிக் டேங்க் பற்றிய பதிலை வாசித்துக்கூடப் பார்க்காமல் உங்களுக்குத் தள்ளிவிடும் வாய்ப்பு அதிகம்.

இனி கழிவுநீர். சோதனைகளில் இதை முதலில் சொல்லக் காரணம், பணத்தை அதிகம் விழுங்குவதும் கடைசி நேரத்தில் விற்பனையை உடைப்பதும் இதுதான். பொதுச் சாக்கடை இல்லாத வீட்டில் செப்டிக் டேங்கோ, காற்று ஊதிக் கழிவைச் சுத்திகரிக்கும் ட்ரீட்மென்ட் பிளான்ட்டோ, வெறும் சேமிப்புத் தொட்டியோ இருக்கும். எது என்று விற்பவருக்கே பல நேரம் தெரியாது. செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீர் நேரே ஓடையிலோ பள்ளத்திலோ விழுந்தால் இங்கிலாந்தில் 2020 ஜனவரி 1 முதல் அது விதிமீறல். தொட்டியை வைத்திருப்பவர் அதை மாற்றியாக வேண்டும். நீங்கள் வாங்கிவிட்டால் வைத்திருப்பவர் நீங்கள்தான்.

ஆகவே கேட்க வேண்டியவை: தொட்டி எங்கே இருக்கிறது, யார் நிலத்தில் இருக்கிறது, வெளியேறும் குழாய் எங்கே முடிகிறது, கடைசியாக எப்போது காலி செய்தார்கள். இந்தத் தகவல்களை விற்பவர் எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. பதில் ‘தெரியாது’ என்று வந்தால், வடிகால் நிபுணரை அமர்த்தி, தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கேமராவை உள்ளே விடச் சொல்லுங்கள். சில நூறு பவுண்டு ஆகும். தொட்டி பக்கத்து வயலில் இருப்பதும் இங்கே சகஜம். அப்போது அங்கே குழாய் வைத்திருக்கவும், உள்ளே போய்ப் பழுதுபார்க்கவும் உரிமை பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஆண்டு வழக்கத்தைக் காட்டி உரிமை கோரலாம்தான், ஆனால் கடன் தரும் வங்கி அதை ஏற்பது கடினம்.

மாற்ற வேண்டி வந்தால் என்ன ஆகும்? கழிவுநீரை மண்ணுக்குள் பரவவிட, துளைக்குழாய்கள் பதித்த ஒரு வடிகால் பரப்பு வேண்டும். அதற்கு மண் எவ்வளவு வேகமாக நீரை உறிஞ்சுகிறது என்று குழிதோண்டிச் சோதிப்பார்கள். நீர்மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்க 12 முதல் 100 வினாடிக்குள் பிடித்தால்தான் அந்த மண் தேறும். தேவையான பரப்பு, ஆள் எண்ணிக்கையை அந்த வினாடியால் பெருக்கி, செப்டிக் டேங்குக்கு 0.25ஆலும் ட்ரீட்மென்ட் பிளான்ட்டுக்கு 0.20ஆலும் பெருக்கினால் கிடைக்கும். 3 படுக்கையறை வீட்டை 5 பேராகக் கணக்கிடுவார்கள். 40 வினாடி வந்தால் செப்டிக் டேங்குக்கு 50 சதுர மீட்டர், பிளான்ட்டுக்கு 40. அந்தப் பரப்பு வீட்டிலிருந்து 15 மீட்டரும் ஓடையிலிருந்து 10 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். ஹெரிஃபோர்ட்ஷயரின் சிவப்பு மண் ஆப்பிளுக்கும் மாட்டுக்கும் அருமையானது; ஆனால் களி அதிகமுள்ள இடங்களில் குளிர்காலம் முழுக்க நீர் தேங்கி நிற்கும், சோதனையில் தோற்கும். அப்போது மிஞ்சும் வழி, பிளான்ட் வைத்துச் சுத்திகரித்த நீரை ஓடையில் விடுவது.

இங்கேதான் இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல். வை ஆறும் லக் ஆறும் சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற நீர்நிலைகள். அவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் புதிதாக ஓடையில் நீர் விடுவதென்றால் பொது விதிகள் போதாது, சுற்றுச்சூழல் முகமையிடம் தனி அனுமதி வேண்டும். கோடையில் வற்றும் ஓடை என்றாலும் புது வெளியேற்றத்துக்கு அது உதவாது. ஆகவே ‘பிளான்ட் போட்டுக்கொள்ளலாம் சார்’ என்று ஏஜென்ட் சொல்வதை நம்பி விலையில் ஐந்தாயிரம் மட்டும் குறைத்துக்கொள்ளாதீர்கள். தோண்டல், மின் இணைப்பு, குழாய் எல்லாம் சேர்த்து 10,000 பவுண்டைத் தாண்டுவது வழக்கம். விலைப்புள்ளி வாங்கிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

அதே லக் ஆற்றுப் படுகையில்தான், ஆற்றில் பாஸ்பேட் கூடிப்போனதால் 2019இலிருந்து புது வீடுகளுக்கான அனுமதி முடங்கியது. கூடுதல் பாஸ்பேட்டை ஈடுகட்டிக் காட்டினால்தான் அனுமதி என்பது இப்போதைய வழி. இருக்கிற வீட்டை வாங்குபவரை இது தொடாது. ஆனால் ‘பின்னால் இருக்கும் கொட்டகையை இன்னொரு வீடாக்கி வாடகைக்கு விடலாம்’ என்று விளம்பரத்தில் இருந்தால், அந்த ஆசைக்கு இன்றைக்கு ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் குழாயில் வருகிறதா, ஊற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ வருகிறதா? நாளுக்கு 20,000 லிட்டர்வரை எடுக்க உரிமம் தேவையில்லை. ஒரே வீடு, அதில் உரிமையாளரே குடியிருக்கிறார் என்றால் உள்ளாட்சி கவுன்சில் தானாக வந்து சோதிக்காது. பல வீடுகள் பகிர்ந்தாலோ வாடகைக்கு விட்டாலோ 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆபத்து மதிப்பீடு செய்யும். கிருமி, நைட்ரேட், ஈயம் மூன்றுக்கும் புதிதாக ஒரு சோதனை அறிக்கை கேளுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கிருமி வந்தால் புறஊதா விளக்கு தீர்த்துவிடும், விளக்கை ஆண்டுக்கொருமுறை மாற்றினால் போதும். நைட்ரேட் சுற்றியுள்ள வயல்களில் போடும் உரத்திலிருந்து வருவது. அதற்கு அந்த விளக்கு எதுவும் செய்யாது. குடிநீர்க் கிணற்றைச் சுற்றி 50 மீட்டருக்குள் கழிவுநீரை மண்ணில் விடுவதற்கும் தனி அனுமதி வேண்டும், ஆகவே உங்கள் கிணறு, உங்கள் தொட்டி, பக்கத்து வீட்டுத் தொட்டி மூன்றையும் ஒரே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

சூடேற்றத்துக்குக் கெரசின் எண்ணெய். ஒருமுறைக்குக் குறைந்தது 500 லிட்டர் வாங்க வேண்டும். 3 படுக்கையறைப் பழைய வீடு ஆண்டுக்குச் சுமார் 2,000 லிட்டர் குடிக்கும். மின்சாரத்துக்கு இருப்பது போன்ற விலை உச்சவரம்பு இதற்கு இல்லை. கோடையில் ஊரார் சேர்ந்து வாங்கும் எண்ணெய்க் குழு இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். தொட்டி இரட்டைச் சுவர் கொண்டதா, வீட்டிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கசிந்து மண்ணில் இறங்கினால் தொட்டியின் விலையைப் போலப் பல மடங்கு சுத்தம் செய்யும் செலவு. வெப்பப் பம்புக்கு 7,500 பவுண்டு அரசு மானியம் உண்டு, ஆனால் காற்று ஒழுகும் மரச்சட்ட வீட்டில் அதை வைத்தால் மின் கட்டணம் அழவைக்கும். முதலில் கூரைக்கு வெப்பக்காப்பு. அதையும் தெளிப்பு நுரையால் செய்துவிடாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் இன்னும் கவனம்: கூரை மரம் அழுகுவதை அது மறைத்துவிடுகிறது என்று பல வங்கிகள் அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் தருவதில்லை.

வீட்டைப் பற்றி. வெப்லி, பெம்பிரிட்ஜ், ஏர்டிஸ்லண்டு பக்கம் நிற்கும் கறுப்பு-வெள்ளை வீடுகள் ஓக் மரச்சட்டத்தின் இடைவெளிகளைக் குச்சியும் மண்ணும் கொண்டு அடைத்துச் சுண்ணாம்பு பூசியவை. சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சுவாசிக்கிற மாதிரி. பின்னால் வந்தவர்கள் சுண்ணாம்பை உரித்துச் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் விரிசல் விடும், மழைநீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லாமல் மரத்தோடு நிற்கும். முதலில் அழுகுவது சுவரின் அடியில் படுத்திருக்கும் கிடைமட்ட மரம். அதன் மீதுதான் சட்டம் முழுதும் நிற்கிறது. வெளிப்பூச்சைத் தட்டினால் பொக்கென்று கேட்கிறதா, வெளியே தரைமட்டம் இந்த மரத்துக்கு மேலே ஏறி நிற்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். மற்றதற்கு மூன்றாம் நிலை சர்வே, அதாவது மிக விரிவான கட்டட ஆய்வு, எடுங்கள், பழைய மரச்சட்ட வீடுகளில் பழகிய சர்வேயரைக் கொண்டு. அவரும் ‘ஈரம் இருக்கிறது, ரசாயனம் ஊசி போடுங்கள்’ என்று எழுதினால் ஆளை மாற்றுங்கள். மரச்சட்டச் சுவரில் அந்த ஊசி எதையும் தடுக்காது. தரையிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானைப் பற்றியும் கேட்டு வையுங்கள். சராசரி ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரலுக்கு மேல் இருந்தால் விசிறி வைத்து வெளியேற்றச் சொல்கிறார்கள்.

இந்த வயது வீடு பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கும், இரண்டாம் தரத்தில். பட்டியல் முகப்போடு நிற்பதில்லை. உள்ளே இருக்கும் கதவு, படிக்கட்டு, கணப்பு, வளாகத்தில் 1948 ஜூலைக்கு முன் கட்டிய கொட்டகை எல்லாம் சேர்த்தி. அனுமதியின்றி மாற்றுவது கிரிமினல் குற்றம். குற்றம் செய்தவர் பழைய உரிமையாளர்தான் என்றாலும், திரும்பப் பழையபடி ஆக்கச் சொல்லும் உத்தரவு இப்போதைய உரிமையாளருக்கு வரும், அதற்குக் காலக்கெடுவே கிடையாது. 1990களில் யாரோ மாட்டிய பிளாஸ்டிக் சன்னலை 2030இல் நீங்கள் கழற்ற வேண்டி வரலாம். சன்னல், சமையலறை நீட்டிப்பு, இடித்த சுவர் ஒவ்வொன்றுக்கும் அனுமதி எண்ணைக் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் நீங்களே தேடுங்கள். இல்லையென்றால் சொலிசிட்டர், பின்னால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் இழப்பை ஈடுகட்டும் ஈட்டுக்காப்பீடு எடுக்கலாம் என்பார். ஒரு எச்சரிக்கை: இதைப் பற்றி நீங்கள் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டால் அந்தக் காப்பீடு பிறகு கிடைக்காது. யாரிடமும் கேட்கும் முன் சொலிசிட்டரிடம் பேசுங்கள். கூரையில் வௌவால் இருந்தால் அதுவும் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. ஆய்வு மே முதல் செப்டம்பர்வரைதான் நடக்கும் என்பதால் அக்டோபரில் கூரை வேலை தொடங்க நினைத்தவர் அடுத்த கோடைவரை காத்திருப்பார்.

நிலத்துக்கு வருவோம். அந்த முக்கால் ஏக்கரில் எவ்வளவு தோட்டம், எவ்வளவு வயல்? முன்பு யாரோ வேலியை நகர்த்தி வயலில் புல்வெளி வைத்து ஊஞ்சலும் போட்டிருப்பார். பார்வைக்குத் தோட்டம், திட்டச் சட்டத்தின் கண்ணில் விவசாய நிலம். அங்கே கொட்டகை போட முடியாது, தோட்டமாகவே பயன்படுத்த அனுமதி வேண்டும், அல்லது 10 ஆண்டு தொடர்ந்து அப்படி இருந்ததாக நிரூபிக்க வேண்டும். குதிரை மேய்வது விவசாயம். பொழுதுபோக்குக்குக் குதிரை வைத்துப் பராமரிப்பது விவசாயம் அல்ல. பதிவேட்டு வரைபடத்தின் சிவப்புக் கோடும் எல்லையைத் துல்லியமாகக் காட்டாது. கிராமப்புறத்தில் 1:2500 அளவில் வரைந்த கோட்டின் தடிமனே தரையில் ஒரு மீட்டருக்கு மேல். உயிர்வேலியும் பள்ளமும் சேர்ந்து இருந்தால், பத்திரம் வேறு சொல்லாதவரை, எல்லை பள்ளத்தின் அந்தப் பக்க விளிம்பு. வேலி இருக்கும் பக்கத்துக்காரருக்குத்தான் பள்ளமும். பதிவேட்டு நகலும் வரைபடமும் தலா 7 பவுண்டு. முதல்முறை வீடு பார்க்கப் போகும்போதே வாங்கிக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தத் தாள்களில் தேட வேண்டியவை: சாலைக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவே வேறொருவருக்குச் சொந்தமான துண்டு நிலம் இருக்கிறதா, வண்டிப்பாதையில் காரோடு போக உரிமை இருக்கிறதா, அதைச் செப்பனிடும் செலவை யார் பிரிக்கிறார்கள், பொது நடைபாதை தோட்டத்துக்குள் போகிறதா. நடைபாதையை மறிக்க முடியாது, நகர்த்துவது ஆண்டுக்கணக்கான வேலை. ‘ஓவரேஜ்’ என்ற சொல் வந்தால் நிறுத்தி வாசியுங்கள். பின்னாளில் நீங்கள் கட்டட அனுமதி வாங்கி மதிப்பு கூடினால் அந்தக் கூடுதலில் ஒரு பங்கு பழைய நிலக்காரருக்கு என்று பொருள், 25 ஆண்டுக்குக்கூட எழுதியிருப்பார்கள். வீடு சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இருந்தால் விவசாயக் குடியிருப்பு நிபந்தனையைத் தேடுங்கள்: விவசாயத்திலோ காட்டுத் தொழிலிலோ வேலை செய்பவர் மட்டுமே குடியிருக்கலாம் என்பது. மருத்துவமனையில் வேலை செய்பவருக்கு அந்த வீடு உதவாது. பழைய கவுன்சில் வீடுகள் சிலவற்றில், 3 ஆண்டு அந்தப் பகுதியில் வாழ்ந்தவரோ வேலை செய்தவரோதான் வாங்கலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு.

வெள்ளம். 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயலின்போது ஹெரிஃபோர்டில் வை ஆறு 6 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. வையும் லக்கும் கூடும் இடத்துக்கு அருகிலுள்ள ஹாம்ப்டன் பிஷப் கிராமம் மூழ்கியது. முகமையின் வெள்ள வரைபடத்தில் ஆற்று வெள்ளம் மட்டுமின்றி மேற்பரப்பு நீர் என்ற அடுக்கையும் திறந்து பாருங்கள்; சரிவான வயலிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வரும் நீர் அதில்தான் தெரியும். 2009க்கு முன் கட்டிய வீட்டுக்கு ‘ஃப்ளட் ரீ’ திட்டம் வழியாகக் காப்பீடு கிடைக்கும், 2039வரை. எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே காப்பீட்டு விலைப்புள்ளி வாங்கிவிடுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு மைலுக்குள் நிலுவையில் உள்ள திட்ட விண்ணப்பங்களையும் பாருங்கள். கோழிப் பண்ணைக் கொட்டகைகளும் ஸ்ட்ராபெரிக்கான பிளாஸ்டிக் கூடாரங்களும் இங்கே பெரிய தொழில். காற்றுத் திசையில் பண்ணை வந்தால் சன்னல் திறக்க முடியாது.

இப்போது அந்த 25,000. 3.5 லட்சத்தில் முதல் 1.25 லட்சத்துக்கு வரியில்லை; அடுத்த 1.25 லட்சத்துக்கு 2 சதவீதம், 2,500. மீதி 1 லட்சத்துக்கு 5 சதவீதம், 5,000. ஆக 7,500. முதல் வீடு வாங்குபவருக்கு இதே விலையில் வெறும் 2,500தான், ஆனால் உலகில் எங்குமே வீடு இருந்திருக்கக் கூடாது. சென்னை ஃபிளாட் அந்தச் சலுகையை எடுத்துவிடும். அதோடு நிற்காது: 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள இன்னொரு வீடு எந்த நாட்டில் இருந்தாலும், முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதல் வரி, 17,500. கணவன் மனைவியை ஒன்றாகவே கணக்கிடுவார்கள். ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் தப்பாது. இங்கே வாடகை வீட்டில் இருந்துகொண்டு சென்னை ஃபிளாட்டையும் வைத்துக்கொண்டால் இந்தக் கூடுதல் வரியிலிருந்து விலக்கு கிடைக்காது. வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 183 நாளாவது பிரிட்டனில் இருந்திராதவருக்கு மேலும் 2 சதவீதம். வீடு கைமாறும் நாளான கம்ப்ளீஷனிலிருந்து 14 நாளுக்குள் கட்ட வேண்டும். பெற்றோர் இந்தியாவிலிருந்து பணம் அனுப்பினால் அவர்களுடைய வங்கி அறிக்கை, பணம் வந்த வழி, திருப்பிக் கேட்கமாட்டோம் என்ற கடிதம் மூன்றையும் சொலிசிட்டர் கேட்பார். இதில் வாரங்கள் ஓடும், முதல் வாரமே தொடங்குங்கள்.

வாழ்க்கை பற்றிச் சுருக்கமாக. எழுத்தைப் பார்த்து லெம்ஸ்டரை லியோமின்ஸ்டர் என்றும் வெப்லியை வியோப்லி என்றும் உச்சரித்தால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். பேருந்தை நம்ப முடியாது, இருவருக்கும் கார் வேண்டும். லண்டனுக்கு ஹெரிஃபோர்டிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 3 மணி நேரம். மருந்துக்கடையிலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களுக்குப் பல கிராமத்து மருத்துவ மையங்கள் தாங்களே மருந்து தருகின்றன. அருகிலுள்ள தகுதியான பள்ளி 8 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 2 மைலுக்கு மேலும், மற்றவர்களுக்கு 3 மைலுக்கு மேலும் இருந்தால் வண்டி இலவசம். வேறு நல்ல பள்ளியை நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சலுகை இல்லை. இணைய வேகத்தை ஊர்ப் பெயரால் பார்க்காமல் அந்த வீட்டு முகவரியால் பாருங்கள், பக்கத்து வீட்டுக்கு ஃபைபர் இருந்து உங்களுக்கு இல்லாமல் போவதுண்டு. பழைய செம்புக் கம்பித் தொலைபேசி 2027 ஜனவரியோடு நிற்கிறது. அதன்பின் மின்சாரம் போனால் வீட்டுத் தொலைபேசியும் போகும். செல்பேசிக் கோபுரம் எடுக்காத பள்ளத்தாக்கு என்றால் மின்கல மாற்று ஏற்பாட்டைச் சேவை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். மின்தடையைச் சொல்ல 105.

வீட்டை இரண்டாவது முறை பார்க்க மழை பெய்த மறுநாள் போங்கள், வார நாளில், இருட்டும் நேரத்தில். சாவி வாங்கும் நாளில் எண்ணெய்த் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று குச்சி விட்டு அளந்து படம் எடுங்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள். தண்ணீர் அடைப்புக் குழாயும் கழிவுத்தொட்டி மூடியும் எங்கே என்று விற்பவரை நேரில் காட்டச் சொல்லுங்கள். ஒரே அஞ்சல் எண்ணில் நாலு பண்ணைகள் இருக்கும், ஆம்புலன்ஸ் தவறான வாசலில் போய் நிற்கும். ஒவ்வொரு இடத்தையும் மூன்று சொற்களால் குறிக்கும் வாட்த்ரீவேர்ட்ஸ் செயலியில் உங்கள் வாசலுக்கான மூன்று சொற்களையும் பெரிதாக எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டி வையுங்கள்.